சரிவின் கணக்கு

நுழையும்முன்

மலை அசையாதது என்பது மாந்தர் நம்பிக்கை. ஆயினும், அடைமழைக் காலத்தில் மலையைப் போர்த்தியிருக்கும் மண் சில நொடிகளில் இடம்பெயர்ந்துவிடுகிறது. எந்தச் சரிவு, எவ்வளவு மழைக்குப்பின், எத்தனை தொலைவிற்குப் பெயரும் என்பதை முன்கூட்டியே கணிக்கும் முயற்சியில் இன்று கணினி துணைநிற்கிறது. நீலகிரி பெற்ற பட்டறிவை அடிப்படையாகக் கொண்டு, அக்கணிப்பின் ஆற்றலையும் எல்லையையும் இப்பாடம் விளக்குகிறது.

மலையும் மழையும்

உதகமண்டலத்திற்கும் குன்னூருக்கும் இடையே அமைந்துள்ளது கேத்திப் பள்ளத்தாக்கு. கேரட்டும் உருளைக்கிழங்கும் விளையும் படிக்கட்டு வயல்களும், தேயிலைத் தோட்டங்களும், படுகர் வாழும் ஊர்களாகிய ஹட்டிகளும் அதன் சரிவுகளில் அடுத்தடுத்து அமைந்துள்ளன. 2009ஆம் ஆண்டு நவம்பர் 10ஆம் நாளுக்குரிய பதிவின்படி, கேத்தியில் 24 மணிநேரத்தில் 820 மில்லிமீட்டர் மழை பெய்தது.

இந்த எண்ணின் பொருளை ஓர் எளிய கணக்கால் உணரலாம். ஓர் எக்டேர் என்பது 10,000 சதுர மீட்டர். அப்பரப்பின்மீது 820 மில்லிமீட்டர் மழை பெய்தால், அங்கு விழும் நீர் 82 இலட்சம் லிட்டர். அதன் எடை 8,200 டன். ஒரே நாளில் ஓர் எக்டேர் சரிவு இவ்வளவு நீரை ஏற்கவோ, உறிஞ்சவோ, வடிக்கவோ வேண்டியிருந்தது. அந்நாள்களில் நீலகிரியில் நூற்றுக்கணக்கான இடங்களில் மண் சரிந்தது. நாற்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். சாலைகளும் மலை இரயில் பாதையும் பல இடங்களில் சிதைந்தன.

நீலகிரிக்கு இது புதிதன்று. 1978ஆம் ஆண்டின் வடகிழக்குப் பருவமழைக் காலத்திலும் மாவட்டத்தின் பல பகுதிகளில் சரிவுகள் நேர்ந்தன. 1993ஆம் ஆண்டு நவம்பரில், குன்னூர் – மேட்டுப்பாளையம் மலைச்சாலையிலுள்ள மரப்பாலம் பகுதியில் பெருஞ்சரிவு ஏற்பட்டது. சாலையின் ஒரு பகுதியோடு பேருந்துகளும் வீடுகளும் அடித்துச் செல்லப்பட்டன. 2019ஆம் ஆண்டு ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் ஏறத்தாழ 910 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று.

இந்நிகழ்வுகளின் காலமும் இடமும் உற்றுநோக்கத்தக்கவை. குன்னூர், கோத்தகிரி ஆகிய கிழக்குப் பகுதிகள் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்றால் மிகுதியாக நனைகின்றன. கூடலூர், பந்தலூர், அவலாஞ்சி ஆகிய மேற்குப் பகுதிகளுக்குத் தென்மேற்குப் பருவக்காற்றே பெருமழையைத் தருகிறது. ஒரே மாவட்டம்; ஆனால், இரண்டு மழைக்காலங்கள், இரண்டு வகையான இடர்கள். எனவே, மலை முழுமைக்கும் பொதுவான ஒரே கணிப்பு பொருந்துவதில்லை.

> தெரிந்து தெளிவோம்
>
> நீலகிரியின் அடித்தளப் பாறை பெரும்பாலும் சார்னோகைட் வகையைச் சேர்ந்தது. கொல்கத்தாவில் உள்ள ஜாப் சார்னாக் என்பவரின் கல்லறைக்கல் இவ்வகைப் பாறையால் ஆனது. அதனை ஆராய்ந்த நிலவியலாளர் தாமஸ் ஹாலந்து, அவர் பெயராலேயே இப்பாறையை வழங்கினார். சென்னையை அடுத்த பரங்கிமலையும் இதே வகைப் பாறையால் ஆனதே.

மண்ணின் சமநிலை

சார்னோகைட் உறுதியான பாறை. ஆயினும், நெடுங்காலமாக வெயிலும் மழையும் தாக்கியதால் அதன் மேற்பகுதி சிதைந்து செம்மண்ணாக மாறியுள்ளது. நீலகிரியில் இம்மண் போர்வை பல இடங்களில் பல மீட்டர் ஆழம் உடையது. மேலே நெகிழ்ந்த மண். கீழே கெட்டியான பாறை. மேலிருந்து இறங்கும் நீர், பாறையைத் தொட்டதும் மேற்கொண்டு இறங்க இயலாமல் மண்ணிலேயே தேங்குகிறது. சரிவின் கதை இங்கிருந்துதான் தொடங்குகிறது.

சரிவான நிலத்தில் உள்ள மண்ணின்மீது இரண்டு விசைகள் எப்போதும் போட்டியிடுகின்றன. புவியீர்ப்பு அதனைக் கீழ்நோக்கி இழுக்கிறது. மண்துகள்களுக்கு இடையேயான உராய்வும், அவற்றின் ஒட்டுவிசையும், மர வேர்களின் பிடிப்பும் அதனைத் தாங்கி நிற்கின்றன. தாங்கும் விசையை இழுக்கும் விசையால் வகுத்தால் கிடைக்கும் எண்ணைப் பொறியாளர் பாதுகாப்புக் காரணி என்பர். அவ்வெண் 1-க்கு மேல் இருக்கும்வரை மண் நிலைத்து நிற்கும். 1-க்குக் கீழே இறங்கினால் சரியும்.

மழை இச்சமநிலையை எவ்வாறு குலைக்கிறது? மழைநீர் மண்ணின் எடையைக் கூட்டுவதால்தான் சரிவு ஏற்படுகிறது எனப் பலர் எண்ணுவர். அது காரணத்தின் ஒரு பகுதியே. மண்துகள்களுக்கு இடையேயுள்ள நுண்துளைகளில் நீர் நிறையும்போது, அந்நீர் துகள்களை ஒன்றிலிருந்து ஒன்று விலகுமாறு உந்துகிறது. இதுவே துளைநீர் அழுத்தம் எனப்படும். ஒன்றையொன்று அழுத்தாத துகள்களுக்கிடையே உராய்வு குறைகிறது. ஆக, மழை மண்ணைக் கீழே தள்ளுவதைக் காட்டிலும், மண்ணைத் தாங்கி நிற்கும் பிடியைத் தளர்த்துவதே முதன்மையான காரணம்.

கணினி போடும் கணக்கு

ஒரு பொருளின் அல்லது நிகழ்வின் முதன்மையான இயல்புகளை மட்டும் எடுத்துக்கொண்டு, அவற்றுக்கிடையேயான தொடர்பைக் கணக்கு வடிவில் அமைப்பதே மாதிரி. அக்கணக்கைப் பல்லாயிரம் முறை விரைந்து செய்வதற்குக் கணினி பயன்படுகிறது.

கற்பனையான ஒரு சரிவை எடுத்துக்கொள்ளலாம். அதன் சாய்வு 30 பாகை; பாறைக்கு மேலுள்ள மண்ணின் ஆழம் 2 மீட்டர்; ஒரு கனமீட்டர் மண்ணின் எடை 18 கிலோநியூட்டன்; உராய்வுக் கோணம் 32 பாகை; ஒட்டுவிசை 5 கிலோபாஸ்கல். எளிமை கருதி மண்ணின் எடை மாறாது எனவும், நீரின் எடை கனமீட்டருக்கு 10 கிலோநியூட்டன் எனவும் கொள்க. இவற்றைக் கொண்டு கணக்கிட்டால் கிடைக்கும் விடைகள் வருமாறு:

மண்ணில் நீர் தேங்காதபோது பாதுகாப்புக் காரணி 1.40.
மண்ணின் ஆழத்தில் பாதிவரை நீர் தேங்கினால் 1.10.
மண் முழுவதும் நீரால் நிறைந்தால் 0.80.

தேங்கிய நீர் மண்ணின் ஆழத்தில் மூன்றில் இரண்டு பங்கு உயரும்போதே அக்காரணி 1-ஐத் தொட்டுவிடுகிறது. வெயில் காலத்தில் எவ்வித ஐயமும் இன்றி நிற்கும் ஒரு சரிவு, தொடர்மழையில் ஏன் சரிகிறது என்பதற்கு இந்த மூன்று எண்களே விளக்கம்.

மாதிரியின் பயன் இத்துடன் நிற்பதில்லை. உண்மையான மலையில் செய்து பார்க்கக் கூடாத சோதனைகளைக் கணினியில் செய்து பார்க்கலாம். வீடு கட்டவோ சாலை அமைக்கவோ அடிவாரத்தை வெட்டியதால் அதே சரிவின் சாய்வு 30 பாகையிலிருந்து 35 பாகையாக உயர்ந்தது எனக் கொள்க. பாதி ஆழம் நனைந்த நிலையில் 1.10 ஆக இருந்த காரணி இப்போது 0.94 ஆகக் குறைகிறது. முன்பு தாங்கிய மழையை இனி அச்சரிவால் தாங்க இயலாது. மாறாக, 30 பாகைச் சரிவிலேயே மர வேர்கள் 4 கிலோபாஸ்கல் அளவு கூடுதல் பிடிப்பைத் தருகின்றன எனக் கொண்டால், முழுவதும் நனைந்த நிலையிலும் காரணி 1.06 ஆக நிற்கிறது. ஐந்து பாகை வெட்டும், ஒரு சோலையின் வேரும் உயிர்களைக் காக்கவோ பறிக்கவோ வல்லவை என்பதை இக்கணக்கு எடுத்துரைக்கிறது.

ஒரு சரிவுக்குச் செய்த கணக்கை மாவட்டம் முழுமைக்கும் விரிக்க எண்முறை உயர மாதிரி உதவுகிறது. செயற்கைக்கோள் படங்களிலிருந்து நிலத்தின் உயரத்தைக் கணித்து, நிலப்பரப்பைச் சிறுசிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திற்கும் அதன் உயரத்தைக் குறிப்பதே அம்மாதிரி. 2005ஆம் ஆண்டு இந்தியா விண்ணில் செலுத்திய கார்ட்டோசாட்-1 இத்தகைய தரவுகளைத் தந்த செயற்கைக்கோள்களுள் ஒன்று. நீலகிரியின் பரப்பு ஏறத்தாழ 2,500 சதுர கிலோமீட்டர். அதனை 30 மீட்டர் பக்கமுள்ள சதுரங்களாகப் பிரித்தால் 27 இலட்சத்திற்கும் மேற்பட்ட கட்டங்கள் கிடைக்கும். ஒவ்வொரு கட்டத்தின் சாய்வையும் நீர் வடியும் திசையையும் கணினி தானே கண்டறிகிறது. அவற்றோடு பாறை வகை, மண்ணின் தன்மை, நிலப்பயன்பாடு, சாலைக்கும் ஓடைக்கும் உள்ள தொலைவு, முன்பு சரிந்த இடங்கள் ஆகியவற்றையும் இணைத்து நிலச்சரிவு வாய்ப்பு வரைபடம் உருவாக்கப்படுகிறது. இந்திய நிலவியல் ஆய்வு நிறுவனம் 2014ஆம் ஆண்டில் தொடங்கிய தேசியத் திட்டத்தின்வழி நாட்டின் மலைப்பகுதிகளுக்கு இத்தகைய வரைபடங்களை உருவாக்கியுள்ளது.

எங்கு என்பதும் எப்போது என்பதும்

வரைபடம் எந்த இடம் சரியக்கூடும் என்பதைக் கூறும்; எப்போது சரியும் என்பதைக் கூறாது. அதற்கு மழையின் அளவை நோக்க வேண்டும். 1980ஆம் ஆண்டில் நெல் கெய்ன் என்னும் ஆய்வாளர், உலகின் பல பகுதிகளில் நிகழ்ந்த 73 சரிவுகளைத் தொகுத்து, மழையின் கடுமைக்கும் அது நீடிக்கும் காலத்திற்கும் உள்ள தொடர்பை ஒரு வாய்பாடாக அமைத்தார். அதன்படி, ஒரு நாள் நீடிக்கும் மழை ஏறத்தாழ 100 மில்லிமீட்டரைத் தொடும்போது சரிவுக்கான வாய்ப்பு தொடங்குகிறது. குறைந்த நேரமே பெய்யும் மழையாயின், அது மிகக் கடுமையாகப் பெய்தால்தான் சரிவு நேரும். இத்தகைய எல்லையே மழை வரம்பு எனப்படும்.

எனினும், உலகப் பொதுவான வரம்பு ஓர் ஊருக்கு அப்படியே பொருந்துவதில்லை. ஆண்டுதோறும் பெருமழையைக் காணும் சரிவுகள் அதற்கேற்ப நீர் வடியும் வழிகளைப் பெற்றிருக்கும். மேலும், அன்றைய மழையோடு முந்தைய நாள்களின் மழையும் கணக்கில் கொள்ளத்தக்கது. பத்து நாள் தூறலில் ஊறிய மண்ணுக்கு, பதினோராம் நாள் பெய்யும் நடுத்தர மழையே போதுமானதாகிவிடும். எனவே, அவ்வப்பகுதியில் நிகழ்ந்த சரிவுகளின் நாளும், அந்நாளைய மழையளவும் தெரிந்திருந்தால்தான் அப்பகுதிக்கான வரம்பை வகுக்க இயலும்.

இப்பணிக்காக இந்தியாவில் முதலில் தேர்ந்தெடுக்கப்பட்ட பகுதிகளுள் நீலகிரியும் ஒன்று. இந்திய, பிரித்தானிய நிலவியல் ஆய்வு நிறுவனங்களும் பிற அமைப்புகளும் இணைந்து மேற்கொண்ட லேண்ட்ஸ்லிப் என்னும் ஆய்வுத்திட்டம், டார்ஜிலிங் மலைகளையும் நீலகிரியையும் தன் சோதனைக் களங்களாகக் கொண்டது. 2020ஆம் ஆண்டின் பருவமழைக் காலம் முதல் இவ்விரு பகுதிகளுக்கும் சோதனை அடிப்படையில் முன்னறிவிப்புகள் அணியப்படுத்தப்பட்டன. 2024ஆம் ஆண்டு ஜூலை 19ஆம் நாள் கொல்கத்தாவில் தேசிய நிலச்சரிவு முன்கணிப்பு மையம் தொடங்கப்பட்டது. டார்ஜிலிங், கலிம்போங், நீலகிரி ஆகிய மூன்று மாவட்டங்களுக்கு அம்மையத்தின் முன்னறிவிப்புகள் முதலில் கிடைத்தன.

சரிந்த மண் செல்லும் வழி

அம்மையம் தொடங்கப்பட்ட பதினோராம் நாள், 2024 ஜூலை 30ஆம் நாள் அதிகாலையில், நீலகிரியின் கூடலூர்ப் பகுதிக்கு அண்டையிலுள்ள கேரளத்தின் வயநாட்டில் பெருஞ்சரிவு நேர்ந்தது. முண்டக்கை, சூரல்மலை ஆகிய ஊர்கள் உருக்குலைந்தன. உயிரிழந்தோரில் பெரும்பாலோர் சரிந்த இடத்தில் வாழ்ந்தவர் அல்லர். அதற்குக் கீழே, ஓடைக்கரையில் உறங்கிக்கொண்டிருந்தவர்கள். மேலே பெயர்ந்த மண்ணும் பாறையும் மரங்களும் நீரோடு கலந்து பல கிலோமீட்டர் தொலைவு பாய்ந்து வந்தன. மாண்டோர் உடல்கள் சாலியாற்றின் வழியே அடுத்த மாவட்டமாகிய மலப்புரம் வரை அடித்துச் செல்லப்பட்டன.

ஆதலால், எந்தச் சரிவு பெயரும் என்று கணித்தால் மட்டும் போதாது. பெயர்ந்த மண் எங்குச் செல்லும் என்பதையும் கணித்தாக வேண்டும். ஈரமண்ணின் பாய்ச்சல் திண்மத்தின் இயக்கத்தைப் போலன்றி நீர்மத்தின் இயக்கத்தைப் போல அமைகிறது. அதன் நீளமும் அகலமும் அதன் தடிமனைவிடப் பன்மடங்கு பெரியவை. ஆகவே, தடிமன் முழுவதற்கும் சராசரியான விரைவைக் கொண்டு கணக்கிடும் ஆழமில்லாப் பாய்வுச் சமன்பாடுகள் இங்குப் பயன்படுகின்றன. இவை கடலில் ஆழிப்பேரலை பரவுவதைக் கணிக்கும் சமன்பாடுகளின் உறவினவே. மலைச்சரிவை ஆராய்பவரும் கடலலையை ஆராய்பவரும் ஒரே கணக்கின் இரு பக்கங்களைப் படிக்கின்றனர்.

கடலடியிலும் மலைகள் உண்டு

கடலின் அடித்தளம் சமதளம் அன்று. அங்கும் மலைகளும் பள்ளத்தாக்குகளும் சரிவுகளும் உள்ளன. அச்சரிவுகளில் படிந்த வண்டல் பெயரும்போது, மேலுள்ள நீர் முழுவதும் அசைந்து பேரலையாக எழுகிறது. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் தமிழகக் கடற்கரையைத் தாக்கிய பேரலை நிலநடுக்கத்தால் எழுந்தது. அதன்பின், 2007ஆம் ஆண்டில் ஐதராபாத்தில் இந்திய ஆழிப்பேரலை முன்னெச்சரிக்கை மையம் நிறுவப்பட்டது. ஆனால், எல்லாப் பேரலைகளும் நிலநடுக்கத்தால் மட்டுமே எழுவதில்லை.

1998ஆம் ஆண்டு ஜூலை 17ஆம் நாள் பாப்புவா நியூகினியின் வடகரையில் 7.0 அளவுள்ள நிலநடுக்கம் ஏற்பட்டது. அதனைத் தொடர்ந்து 15 மீட்டர்வரை உயர்ந்த அலைகள் கரையைத் தாக்கின. இரண்டாயிரத்திற்கும் மேற்பட்டோர் மாண்டனர். அந்த நிலநடுக்கத்தின் அளவை மட்டும் கணினி மாதிரியில் இட்டபோது, அத்துணை உயரமான அலை எழவில்லை. கணக்கிற்கும் கண்ணால் கண்டதற்கும் இருந்த இவ்வேறுபாடே ஆய்வாளர்களைக் கடலடியை நோக்கித் திருப்பியது. கப்பல்கள் கடல்தளத்தை அளந்தபோது, பெருஞ்சரிவு ஒன்றின் தடம் அங்குக் காணப்பட்டது. அச்சரிவை மாதிரியில் சேர்த்தபின் கணக்கும் உண்மையும் நெருங்கி வந்தன. மாதிரியின் தோல்வியே ஓர் உண்மையைக் கண்டறியும் வழியாயிற்று.

2018ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள், இந்தோனேசியாவின் அனக் கிரக்கத்தோவா எரிமலையின் ஒரு பக்கம் சரிந்து கடலில் விழுந்தது. எழுந்த அலைகளால் நானூறுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பெரிய நிலநடுக்கத்தை எதிர்நோக்கி அமைக்கப்பட்டிருந்த எச்சரிக்கை அமைப்பு, நிலநடுக்கம் இன்றி வந்த அலையை முன்னுணர்த்தவில்லை. எதனைத் தேடுமாறு ஓர் அமைப்பு உருவாக்கப்படுகிறதோ, அதனை மட்டுமே அது காணும் என்பது இதனால் விளங்கும்.

> தெரிந்து தெளிவோம்
>
> ஆழிப்பேரலையின் விரைவு கடலின் ஆழத்தைப் பொறுத்தது. ஆழத்தையும் புவியீர்ப்பு முடுக்கத்தையும் பெருக்கி வர்க்கமூலம் கண்டால் அவ்விரைவு கிடைக்கும். 4,000 மீட்டர் ஆழத்தில் அலை மணிக்கு 700 கிலோமீட்டருக்கும் மேல் விரையும். 100 மீட்டர் ஆழத்தில் மணிக்கு ஏறத்தாழ 113 கிலோமீட்டராகக் குறையும். கடலடிச் சரிவுகள் கரைக்கு அருகில் நிகழும்போது, மக்கள் தப்புவதற்குக் கிடைப்பது சில நிமிடங்களே.

மாதிரியின் எல்லை

மாதிரி பொய்த்தால் நேரும் இழப்புக்கு இத்தாலியின் வயோந்த் அணை சான்றாகும். அதன் நீர்த்தேக்கத்தை ஒட்டிய மலை மெல்ல நகர்வது முன்னரே அறியப்பட்டிருந்தது. மலை சரிந்தால் எவ்வளவு உயரமான அலை எழும் என்பதை அறிய, சரளைக்கற்களைக் கொண்டு சிறிய அளவில் ஒரு மாதிரி அமைத்துச் சோதித்தனர். நீர்மட்டத்தைக் கடல்மட்டத்திற்கு மேல் 700 மீட்டரில் நிறுத்தினால் தீங்கில்லை என்று அச்சோதனை கூறியது. 1963ஆம் ஆண்டு அக்டோபர் 9ஆம் நாள் இரவு, நீர்மட்டம் ஏறத்தாழ அந்த அளவில் இருந்தபோதே, 25 கோடி கனமீட்டருக்கும் மேற்பட்ட பாறை மிகுவிரைவுடன் நீரில் சரிந்தது. எழுந்த அலை அணையைத் தாண்டிக் கீழேயிருந்த ஊர்களை அழித்தது. ஏறத்தாழ 2,000 பேர் மாண்டனர். அணை உடையாமல் நின்றது. உடைந்தது மாதிரியின்மீது வைத்த நம்பிக்கை. ஒரே பாளமாக விரைந்து விழுந்த மலையை, தளர்ந்து உதிரும் சரளைக்கற்கள் காட்டத் தவறின.

இக்குறை அக்கால மாதிரிக்கு மட்டும் உரியதன்று. இன்றைய கணினியும் தனக்குக் கொடுக்கப்பட்டதையே கணக்கிடுகிறது. 30 மீட்டர் கட்டத்தைக் கொண்ட வரைபடத்திற்கு, ஒரு வீட்டின் பின்புறம் செங்குத்தாக வெட்டப்பட்ட மூன்று மீட்டர் மண்சுவர் தெரியாது. மண்ணால் மூடப்பட்ட ஓடையும், அடைபட்ட வடிகாலும் அதற்குத் தெரியா. மலையில் ஒரு முகட்டுக்கு இப்புறம் கொட்டும் மழை அப்புறம் தூறலாக நின்றுவிடுவதும் உண்டு. இடையே மழைமானி இல்லையெனில், அவ்வேறுபாடும் கணக்கில் சேராது.

நேரடி அளவீடு இக்குறையைப் பெரிதும் நீக்கும். அமிர்தா பல்கலைக்கழகம் மூணாற்றின் ஒரு மலைச்சரிவில் உணர்கருவிகளை மண்ணுக்குள் புதைத்து, துளைநீர் அழுத்தத்தையும் மண்ணின் அசைவையும் கம்பியில்லா வலையமைப்பின்வழி அறியும் முறையை நிறுவியது. 2009ஆம் ஆண்டில் அதன்வழி எச்சரிக்கையும் விடுக்கப்பட்டது. ஆயினும், எல்லாச் சரிவுகளிலும் கருவிகளைப் புதைத்தல் எளிதன்று. அவ்விடங்களில் மக்களின் கண்களே கருவிகள். தரையில் புதிதாகத் தோன்றும் வெடிப்பு, சாயத் தொடங்கும் மரம், திடீரென இறுகிக்கொள்ளும் கதவு, தெளிந்த ஊற்று கலங்குதல், பெருமழையிலும் ஓடை நீர் சட்டெனக் குறைதல் ஆகியவை சரிவின் முன்னறிகுறிகள்.

எச்சரிக்கையின் விலை

கணக்குகள் அனைத்தும் முடிந்தபின்னும் ஒரு வினா எஞ்சி நிற்கிறது. எந்த அளவு மழைக்கு எச்சரிக்கை விடுப்பது?

ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனையாகக் கொள்ளலாம். ஒரு மலைப்பகுதியில் பத்து ஆண்டுகளில் நான்கு நாள்களில் மட்டும் சரிவு நேர்ந்தது. மழை வரம்பைக் குறைவாக வைத்தால், அப்பத்து ஆண்டுகளில் 40 நாள்களில் எச்சரிக்கை ஒலித்திருக்கும். நான்கு சரிவுகளும் அவற்றுள் அடங்கும். ஆனால், 36 எச்சரிக்கைகள் பொய்த்துப்போகும். வரம்பை உயர்த்தினால், எச்சரிக்கைகள் பத்தாகக் குறையும். அவற்றுள் மூன்று சரிவுகள் மட்டும் அடங்கும். நான்காவது சரிவு எச்சரிக்கை இன்றியே வந்துசேரும்.

எது சிறந்தது? எண்ணிக்கையைப் பார்ப்பவர் இரண்டாவது வரம்பைத் தேர்வர். நான்காவது சரிவின் கீழ் உறங்கியவரின் குடும்பத்தார் அதனை ஏற்பாரா? அதேவேளையில், பொய் எச்சரிக்கையும் விலையற்றதன்று. தேயிலை பறிக்கும் பெண் ஒருவர் வீட்டைவிட்டு முகாமுக்குச் செல்வதாயின், அன்றைய கூலியை இழக்கிறார். ஆட்டையும் மாட்டையும் விட்டுச் செல்கிறார். முதியோரை மழையில் நடத்திச் செல்கிறார். ஐந்து முறை சென்று ஒன்றும் நேராமல் திரும்பியவர் ஆறாம் முறை செல்லத் தயங்குவார். அந்த ஆறாம் முறையே உண்மையாகவும் இருக்கக்கூடும்.

ஆகவே, மழை வரம்பு என்பது கணிதத்தின் விடை மட்டும் அன்று. ஒரு சமூகம் எத்தகைய இழப்பை ஏற்கும், எதனை ஏற்காது என்பதற்கான முடிவும் ஆகும். கணினி வாய்ப்பைக் கூறும். முடிவை மனிதரே எடுக்க வேண்டும். அம்முடிவில் சரிவின் கீழ் வாழ்வோருக்கும் இடம் இருத்தல் வேண்டும். முகாமில் நல்ல உணவும் கழிப்பிடமும், இழந்த கூலிக்கு ஈடும் கிடைக்குமாயின் பொய் எச்சரிக்கையின் சுமை குறையும். சுமை குறையுமாயின் வரம்பைத் தாழ்த்தி மேலும் பல உயிர்களைக் காக்க இயலும். கணிப்பின் தரம் ஆய்வுக்கூடத்தில் மட்டும் அன்றி, முகாமின் அடுப்படியிலும் உறுதிசெய்யப்படுகிறது.

கடைசி வீடு வரை

முன்னறிவிப்பு மையத்திலிருந்து மாவட்ட ஆட்சியரகத்திற்கு ஒரு செய்தி நொடிப்பொழுதில் வந்து சேரும். அங்கிருந்து வட்டாட்சியருக்கும், கிராம நிருவாக அலுவலருக்கும், பின்னர் ஹட்டிக்கும் தோட்டத் தொழிலாளர் குடியிருப்புக்கும் செல்லும் வழியே கடினமானது. பெருமழை இரவில் மின்சாரம் தடைப்படும். அலைபேசிக் கோபுரம் செயலிழக்கும். சாலையில் மரம் விழுந்து கிடக்கும். எச்சரிக்கை சென்றடைந்தாலும், எந்த வழியே எந்த இடத்திற்குச் செல்வது என்பதை மக்கள் முன்னரே அறிந்திருக்க வேண்டும்.

இவ்வமைப்பில் மலைப்பகுதிப் பள்ளிகளுக்கும் பங்குண்டு. மழைமானியை நாள்தோறும் காலை 8.30 மணிக்கு அளந்து குறிப்பது இந்திய வானிலைத் துறையின் வழக்கம். பள்ளி வளாகத்தில் ஒரு மழைமானியை நிறுவி, அதே நேரத்தில் அளந்து, இடைவிடாது பதிவேட்டில் எழுதிவருவது மாணவர்களால் இயலக்கூடியதே. ஊரில் எங்கு, எந்நாளில், எவ்வளவு மண் சரிந்தது என்னும் குறிப்பும் அதனுடன் சேருமாயின், அப்பதிவேடு அப்பகுதிக்கான மழை வரம்பை வகுக்கத் துணைபுரியும். மாபெரும் கணினி மாதிரிகள் யாவும் இறுதியில் இத்தகைய சிறிய, பிழையற்ற அளவீடுகளின்மீதே நிற்கின்றன.

சொல்லும் பொருளும்

பாதுகாப்புக் காரணி – மண்ணைத் தாங்கும் விசைக்கும் இழுக்கும் விசைக்கும் உள்ள விகிதம்
துளைநீர் அழுத்தம் – மண்துகள்களுக்கு இடையேயுள்ள நீர் தரும் அழுத்தம்
எண்முறை உயர மாதிரி – நிலத்தின் உயரத்தைக் கட்டம் கட்டமாக எண்களால் குறிக்கும் தொகுப்பு
மழை வரம்பு – சரிவுக்கான வாய்ப்பு தொடங்கும் மழையளவு
வண்டல் – நீர் கொண்டுவந்து படியவைத்த மண்
ஹட்டி – நீலகிரியில் படுகர் வாழும் ஊர்

கற்பவை கற்றபின்

1. உங்கள் பள்ளியில் ஒரு மாதம் பெய்த மழையை நாள்தோறும் அளந்து, அட்டவணையாகவும் வரைபடமாகவும் காட்டுக.
2. உங்கள் பகுதியில் நிகழ்ந்த வெள்ளம், புயல், நிலச்சரிவு ஆகியவற்றுள் ஒன்றனைப் பற்றி முதியோரிடம் கேட்டு, நாளும் இடமும் குறித்துத் தொகுப்புரை எழுதுக.
3. ‘பொய் எச்சரிக்கையா, தவறிய எச்சரிக்கையா – எது பெருந்தீங்கு?’ என்னும் தலைப்பில் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.

மதிப்பீடு

*குறுவினா*
1. பாதுகாப்புக் காரணி 1-க்குக் கீழே இறங்குவதன் பொருள் யாது?
2. நீலகிரி முழுமைக்கும் ஒரே கணிப்பு பொருந்தாமைக்குக் காரணம் என்ன?

*சிறுவினா*
1. மழை, மண்ணின் பிடியைத் தளர்த்தும் முறையை விளக்குக.
2. பாப்புவா நியூகினிப் பேரலையின் காரணத்தைக் கண்டறியக் கணினி மாதிரி எவ்வாறு துணைநின்றது?
3. வயோந்த் அணை நிகழ்வு உணர்த்தும் படிப்பினை யாது?

*நெடுவினா*
1. ‘கணினி வாய்ப்பைக் கூறும், முடிவை மனிதரே எடுக்க வேண்டும்’ – இக்கூற்றைப் பாடப்பகுதி கொண்டு நிறுவுக.